எட்டு மணி நேரம் ஓடிய ஜெனரேட்டர்

அன்று மாலை நாலேகால் மணிக்கு ஆஸ்பத்திரியின் இயந்திர அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். தலைமை மருத்துவரான டாக்டரம்மா, படைத்துறையிலிருந்து வந்த பொறியாளர் அதிகாரி, அவருடைய எழுத்தர், டயாலிசிஸ் பிரிவின் மூத்த நர்ஸ், இயந்திரப் பிரிவின் பொறுப்பாளரான என் மகள், கதவோரம் நின்ற காவலாளி, முழங்கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்த என் மைத்துனர், நான். ஒன்பதாவது ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை எண்ணினால் இப்போது இரண்டு பஸ் நிறையும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த அறையில் என் அப்பா இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். நான் முப்பத்தோரு வருடம். நான் ஓய்வு பெற்றதும் என் மகள் தேர்வெழுதி, நாற்பது பேரில் முதலாவதாக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இது ஒன்பதாவது வருடம். சிபாரிசு என்று யாராவது வாயைத் திறந்தால் மதிப்பெண் பட்டியலைக் காட்ட நான் எப்போதும் தயார்.

மின்சாரம் போனால் ஆஸ்பத்திரியைத் தாங்குவது அங்கே இருக்கும் டீசல் ஜெனரேட்டர். என் காலத்தில் வந்தது, இருபத்துநாலு வயது. யானை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அதன் பக்கத்தில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு குறிப்பேடு. அப்பா வைத்த முறை அது. மெஷினில் கை வைத்தவர் செய்ததை எழுதி, குறை இருந்தால் குறை என்றும் இல்லாவிட்டால் குறையில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. நிரம்பிய குறிப்பேடுகள் பத்தொன்பது அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் எங்கள் மூன்று பேர் கையில் ஒரு பொய் வரி கிடையாது. ஆஸ்பத்திரியில் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கம்பி’ என்பார்கள். வளையாதவன் என்று அர்த்தம். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

எங்கள் அரசு கடல் கடந்த ஒரு நாட்டில் மூன்றாவது வருடமாகப் போர் நடத்திக்கொண்டிருந்தது. யாருக்காக, யாரை எதிர்த்து என்று கேட்டால் டீக்கடையில் ஆளுக்கொரு பதில் வரும். முதல் வருடம் நூலகத்தைச் சனிக்கிழமைகளில் மூடினார்கள். இரண்டாம் வருடம் இரண்டு பள்ளிப் பேருந்துகளில் ஒன்று நின்றது. மூன்றாம் வருடம் ஆஸ்பத்திரிக்கு உதிரிப் பாகங்கள் வருவது நின்றது. அரசாங்கச் சம்பளத்தில் சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது. அரசைப் பற்றித் தெருவில் நின்று பேசும் பழக்கம் எங்களுக்கு இல்லை. நான் பேசவில்லை.

யானைக்கு அந்த வருடம் இருமல் வந்தது. டீசலைத் தள்ளும் பம்பில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்துபோய்க் காற்றை இழுத்தது. சூடேறினால் வேகம் ஏறி இறங்கும், இரண்டரை மணி நேரத்தில் நின்றுவிடும். ஆற விட்டால் மறுபடி ஓடும். ஊரில் மின்வெட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டாததால் என் மகள் அதை வைத்தே சமாளித்தாள். புது வளையம் கேட்டுப் பதினாலு மாதத்தில் ஆறு கடிதம் எழுதினாள். விரல் நுனியில் மாட்டிக்கொள்ளக்கூடிய வளையம். நிதி நிலை சீரானதும் பரிசீலிக்கப்படும் என்று ஆறுக்கும் ஒரே பதில்.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. அரசுக் கட்டடங்களில் உள்ள பெரிய ஜெனரேட்டர்களைப் படைத்துறை சோதிக்கும். முழுச் சுமையில் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடுவது போர்முனைக்குப் போகும். நின்றுபோவது இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

அந்த வாரத்தில் ஊரில் இருந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் சீக்காளி ஆயின. நீதிமன்றத்து மெஷின் இருபது நிமிடத்தில் படுத்தது. தாலுகா அலுவலகத்து மெஷின் கிளம்பவே இல்லை. சோதனைக்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில், டீக்கடையில் நீதிமன்றத்து எலெக்ட்ரீஷியன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கு உங்க முறை போல,” என்றார்.

“என் முறை இல்ல. என் மகள் முறை.”

“உங்களுக்கென்ன சார், குடுத்துவச்சவங்க. நாங்க ராத்திரி பகலா உட்கார்ந்து யோசிச்சு அதை நிக்க வச்சோம். உங்க யானை அதுவே நின்னுடும். பட்டாளத்துக்காரங்க முன்னாடி நாலு இருமல் இருமிட்டுப் படுத்துக்கும்.”

பெஞ்சிலிருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பாராட்டத்தான் செய்தார். எனக்கு இப்போது புரிகிறது. அன்று அவர் சொன்னதில் பாதியைத்தான் என் காது எடுத்துக்கொண்டது. வெளியூர் அதிகாரிகள் முன்னால் எங்கள் மெஷின் இருமி நிற்கப்போகிறது. மூன்று தலைமுறை பார்த்த அறையின் மெஷின். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சுற்றறிக்கையை நான் படிக்காமல் இல்லை. பத்திரிகையில் முழுதாக வந்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி மெஷினை எடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சோதித்துப் பார்ப்பார்கள், நன்றாக இருக்கிறது என்று எழுதுவார்கள், கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரியில் கை வைக்கிற அரசாங்கத்தின் கீழ் நான் வேலை பார்த்ததில்லை என்பது என் எண்ணம்.

வீட்டு அலமாரியில் என் பழைய தகர டப்பா இருந்தது. யானையோடு கூடுதலாக வந்த சில சில்லறைப் பாகங்கள். மகள் பொறுப்பேற்ற அன்றே அதை அவளிடம் கொடுத்தேன். “ரொம்பப் பழசு, உங்ககிட்டயே இருக்கட்டும்பா,” என்று திருப்பிவிட்டாள். திறந்து பார்த்தேன். முகப் பவுடர் போட்டு மூடி வைத்த ரப்பர் வளையம் ஒன்று அப்படியே இருந்தது.

“அதை எங்க எடுத்துட்டுக் கிளம்புறீங்க?” என்றாள் என் மனைவி.

“ஆஸ்பத்திரிக்கு.”

“அவ கேட்டாளா?”

“அவ ஊர்ல இல்ல. மாவட்ட அலுவலகத்துல கூட்டம்.”

“அப்ப அவ வந்ததும் குடுங்க.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். நாற்பத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அவள் சொல்லி நான் கேட்காமல் போன சமயங்கள் சில உண்டு. அவற்றில் நான் சரியாக இருந்தது ஒன்றுகூட நினைவில்லை.

இயந்திர அறைச் சாவி காவலாளியிடம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். கேள்வி கேட்கவில்லை. நான் கேட்க விடவும் இல்லை. பம்பைக் கழற்றி, வளையத்தை மாற்றி, காற்றை வெளியேற்றி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஓடுவது மாதிரி ஒரே சீராக ஓடியது. மேசைக்கு வந்து குறிப்பேட்டில் எழுதினேன்: பம்பின் வளையம் மாற்றப்பட்டது. குறையில்லை. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருடம் கழித்து அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முதுகு நிமிர்ந்தே இருந்தது.

மகள் இரவு திரும்பினாள். அவளிடம் நான் சொல்லவில்லை. சோதனை முடிந்ததும் தானே தெரியட்டும், சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். அவளும் என்னிடம் ஒன்றைச் சொல்லியிருக்கவில்லை. யானை மூன்றாவது மணி நேரத்தில் நின்றுவிடும், அதனால் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் கெடுக்கவில்லை. இருக்கிற குறையை எழுதி வைத்திருந்தாள், வராத வளையத்துக்கு ஆறு கடிதம் கையில் வைத்திருந்தாள். எல்லாம் நேர்மையான காகிதம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். “அது அந்நிய மனுஷங்க முன்னாடி நிக்கிறதை நீங்க தாங்கமாட்டீங்கன்னு தெரியும்பா,” என்றாள். சரியாகத்தான் கணித்திருக்கிறாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு, மகள் குறிப்பேட்டைத் திறக்கும் முன்பே, அதிகாரி மெஷினைக் கிளப்பச் சொன்னார். முழுச் சுமை கொடுப்பதற்கு லாரியில் ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். மின்சாரத்தை வெறும் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிற பெட்டி. அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம், பேச்சு குறைவு. நான் வெளியே வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் போதும்.

பதினோரு மணிக்கு என் மைத்துனர் வந்தார். என் மனைவியின் தம்பி, நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவர், வாய் அதைவிட வேகம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். நாலு மணி நேரம் படுத்து எழுந்து வந்தால் முகம் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும், வாய் மட்டும் அப்படியே இருக்கும்.

“என்ன மச்சான், மூணு மணி நேரமாச்சு, யானை இருமவே இல்ல?”

அதிகாரிகள் இருக்கும்போது என்னை மச்சான் என்று கூப்பிடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“இருமாது,” என்றேன்.

“அதென்ன அவ்வளவு உறுதியா சொல்றீங்க?” என்றவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். “பாப்பாவுக்குத் தெரியுமா?”

நாற்பத்தோரு வயதுப் பெண்ணை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் திரும்பி இயந்திர அறையைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே என் மகள் கைகளைக் கட்டிக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நன்றாக நடக்கும்போது இருக்கிற முகம் அல்ல அது. கடிகாரத்தைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், குனிந்து அதன் அடியில் விரலைத் தடவிப் பார்த்தாள். விரல் காய்ந்திருந்தது, வழக்கமான டீசல் ஈரம் இல்லை. நேராக நிமிர்ந்து கதவு வழியே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. திட்டு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மச்சான்,” என்றார் மைத்துனர் தணிந்த குரலில், “இது ஓடிட்டா எடுத்துட்டுப் போயிடுவாங்க. இது போயிட்டா எங்க வார்டைப் பூட்டணும். மாத்துக் கரண்ட் இல்லாத இடத்துல டயாலிசிஸ் பண்ணக் கூடாதுன்னு விதி. ரத்தம் குழாயில ஓடிட்டிருக்கிறப்ப கரண்ட் போனா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுவீங்களே.”

“ஆஸ்பத்திரி மெஷினை எடுக்க மாட்டாங்க.”

“யார் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் இன்னும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மெஷின் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நன்றாக வேலை செய்த என் கையை நொந்துகொண்டேன். மெஷின் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

நாலு மணிக்கு அதிகாரியே அணைத்தார். டாக்டரம்மாவையும் நர்ஸையும் வரச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து உள்ளே போனோம். எங்களை யாரும் தடுக்கவில்லை.

“இந்த மாசம் நாப்பத்துமூணு மெஷின் பார்த்திருக்கேன்,” என்றார் அதிகாரி. “நாப்பத்துரெண்டு நின்னுபோச்சு. டீசல்ல தண்ணி, டாங்கியில சர்க்கரை, வயரைக் கழட்டிவிட்டு ஒட்டி வச்சது, எல்லாம் பார்த்தாச்சு. ஓடினது இது ஒண்ணுதான்.” என் மகள் பக்கம் திரும்பினார். “நல்ல கை.”

என் மகள் நன்றி சொல்லவில்லை.

“சனிக்கிழமை எனக்குப் பதினேழு பேர் இருக்காங்க,” என்றார் நர்ஸ். “அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

“பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு உத்தரவுல இருக்கு சிஸ்டர்.”

“அது போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். வாரத்துல மூணு நாள். இவரையே பாருங்க, வார்டுல இருந்து இங்க வர்றதுக்குள்ள ரெண்டு தடவை உட்கார்ந்தாரு.”

“ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தேன்,” என்றார் மைத்துனர். அவர் போட்டிருந்தது செருப்பு.

டாக்டரம்மாதான் கேட்டார். “புதுசு வாங்கி அனுப்ப அரசாங்கத்துக்கு முடியாதா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா வந்து பொறுக்கணுமா?”

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “புதுசுக்கு ஒதுக்கின பணம் குண்டா வெடிச்சு முடிஞ்சுபோச்சு டாக்டர். அங்க கூடாரத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்றாங்க. நான் நின்னு பார்த்திருக்கேன். அந்தப் பசங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதான்.”

“அவங்களுக்கு வெளிச்சம் வேணாம்னு இங்க யாரும் சொல்லலையே,” என்றார் மைத்துனர். “அவங்களை அங்க அனுப்பினவங்க வீட்டுல நாலு மெஷின் இருக்குமே, அதை ஓட்டிப் பார்த்தீங்களா?”

எழுத்தர் குனிந்து சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “அது என் லிஸ்ட்ல இல்லைங்க,” என்றார்.

“இந்தப் பம்புக்கு ஒரு வளையம் கேட்டுப் பதினாலு மாசமா எழுதறேன் சார்,” என்றாள் என் மகள். அன்று அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“அங்க போயிட்டா மூணே நாள்ல புதுப் பம்பே விமானத்துல வந்துடும்மா.” சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போல இருந்தது.

ஒரே அரசு, ஒரே கஜானா, ஒரே மெஷின். இங்கே இருந்தால் பதினாலு மாதம், அங்கே போனால் மூன்று நாள். முப்பத்தோரு வருடம் நான் மரியாதை செலுத்திய அரசு என்னிடம் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒரு கணக்கு அது.

எழுத்தர் படிவத்தை நிரப்பக் குறிப்பேட்டைத் திறந்தார். கடைசி வரியில் விரல் வைத்தார். “நேத்து வளையம் மாத்தியிருக்கு. இந்தக் கையெழுத்து யாருது? பணியாளர் பட்டியல்ல இல்லையே.”

காவலாளி தரையைப் பார்த்தார். டாக்டரம்மா என் மகளைப் பார்த்தார்.

“எங்கப்பா,” என்றாள். “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஓய்வு பெற்றவர்.”

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நேத்து வந்து சரிபண்ணீங்களா? சோதனைக்கு முந்தின நாள்?”

“ஆமாம்.”

“யார் உங்களை ஓட வைக்கச் சொன்னது?”

“எங்க குடும்பத்து மெஷின் அந்நியர் முன்னால நிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்.”

“குடும்பத்து மெஷின்,” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பேனாவை மூடினார். பிறகு சொன்னார்: “விதி என்னன்னா பெரியவரே, பணியில இல்லாதவர் கை வச்ச மெஷினை நான் எடுக்கணும்னா, வேலை தரமானதுன்னு செஞ்சவரே குறிப்பேட்டுல எழுதணும். தரமில்லாத வேலைன்னு அவரே எழுதிட்டா எடுக்க முடியாது. நீங்க எழுதறதை வச்சுத்தான் நான் எழுதுவேன். எனக்கு எதுவானாலும் சரி.”

குறிப்பேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

என் எதிரில் அலமாரியில் பத்தொன்பது குறிப்பேடுகள். முதலாவதில் அப்பாவின் கையெழுத்து. அவற்றில் மெஷினின் குறை ஆயிரம் இடத்தில் இருக்கும். எங்கள் கையின் குறை என்று எங்கும் கிடையாது. அதை முதலில் எழுதப்போவது நானா? எழுதாவிட்டால் சனிக்கிழமை பதினேழு பேர். எழுதினால் அந்த வரி அங்கேயே இருக்கும், அடிக்கவும் முடியாது. அதைவிட ஒன்று. என் வேலை சரியான வேலை. எட்டு மணி நேரம் எல்லோரும் கேட்டார்கள். அது தரமில்லை என்று எழுதினால் பொய் ஆகிவிடாதா?

மைத்துனர் என் தோளைத் தொட்டார். “பொய் எழுதாதீங்க மச்சான். நான் பஸ்ல போய்க்கிறேன். ஜன்னல் சீட்டுக் கிடைச்சாப் போதும்.”

அவர் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்பது வருடத்தில் அவர் சிரிக்காமல் பேசியது இரண்டாவது தடவை. முதல் தடவை அவர் மனைவி இறந்த அன்று.

என் மகள் மேசைக்கு வந்தாள். அப்பாவிடம் பேசுவது போலப் பேசவில்லை. வேலைக்காரனிடம் பொறுப்பாளர் கேட்பது போலக் கேட்டாள்.

“நீங்க போட்ட வளையம் எந்த வருஷத்துது?”

“இருபத்துநாலு வருஷம். மெஷினோட வந்தது.”

“ரப்பர் வளையத்தோட ஆயுள் எவ்வளவு?”

அவளுக்குத் தெரியும். நான் படித்த அதே புத்தகத்தைத்தான் அவளும் படித்தாள். “பத்து வருஷம்,” என்றேன்.

“அதுக்கு மேல போனா?”

“இறுகிப்போகும். எப்போன்னு சொல்ல முடியாது, ஒரு நாள் மொத்தமா வெடிச்சு விட்டுடும். சூடான என்ஜின் மேல டீசல் அடிக்கும்.”

“என் மெஷின்ல நான் இல்லாதப்ப அதைப் போட்டீங்க. எனக்குச் சொல்லவும் இல்ல. சனிக்கிழமை வார்டுல ஆள் படுத்திருக்கிறப்ப அது விட்டுட்டா என்ன ஆகும்?”

அதுவரை நான் அந்த வேலையை நல்ல வேலை என்றே நினைத்திருந்தேன். அவள் கேட்ட நாலு கேள்வியில் அது என்ன வேலை என்று எனக்கே தெரிந்தது.

“அப்ப அதை எழுதுங்கப்பா,” என்றாள். கடைசி வார்த்தையில் மட்டும் குரல் மாறியது.

உட்கார்ந்து எழுதினேன். அனுமதியில்லாமல் உள்ளே வந்து இந்த வேலையைச் செய்தேன். போட்ட வளையம் ஆயுள் முடிந்தது, வேலை தரமானது அல்ல. குறையில்லை என்று மேலே எழுதியது தவறு. மூன்று வரி. கையெழுத்து நடுங்கவில்லை. பார்த்தவர்கள் நடுங்கியது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அதிகாரி படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். எழுத்தரிடம், “தகுதியில்லை,” என்றார். “நாப்பத்துமூணு.” தொப்பியை எடுத்துக்கொண்டார். அவர் வெறும் கையோடு போகிற இடத்தில் யாரோ டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை நான் மறக்கவில்லை. அதற்கு விடை என்னிடம் இல்லை, கேட்க வேண்டிய இடமும் அந்த அறை இல்லை.

“தகுதியில்லாத மெஷினை வச்சுக்கிட்டு வார்டை நடத்தலாமா டாக்டர்?” என்று கேட்டார் நர்ஸ்.

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “மாற்று மெஷின் இருக்கணும்னுதான் விதியில இருக்கு சிஸ்டர்,” என்றார். “நல்லா இருக்கணும்னு எங்கயும் எழுதல. எழுதினா அவங்க வாங்கித் தரணுமே.”

மறுநாள் என் மகள் நான் போட்ட வளையத்தைக் கழற்றிவிட்டுத் தேய்ந்துபோன பழைய வளையத்தையே திரும்பப் போட்டாள். கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். தேய்ந்த வளையம் இரண்டரை மணி நேரத்தில் இருமிச் சொல்லிவிட்டு நிற்கும், ஆற விட்டால் ஓடும். அதன் குறை அவளுக்குத் தெரியும். என் வளையத்தின் குறை எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. முறையற்ற பாகம் அகற்றப்பட்டது என்று எழுதினாள். என் மூன்று வரிக்கு அடியில் அது இருக்கிறது. அதே நாளில் வளையம் கேட்டு ஏழாவது கடிதமும் எழுதினாள்.

சனிக்கிழமை மைத்துனர் தன் படுக்கையில் படுத்தார். காலை பத்தரைக்கு மின்சாரம் போனது, யானை கிளம்பியது, நாற்பது நிமிடம் ஓடியது. “இருமினா என்ன, உறவுக்காரன் மாதிரி நேரத்துக்கு வந்துடுதே,” என்றாராம். நர்ஸ் சொன்னார்.

காவலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தவறு முழுதும் என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்ததால் அதோடு முடிந்தது. எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இயந்திர அறைக்குள் நான் இனி நுழையக் கூடாது. டாக்டரம்மா கையெழுத்து, தயாரித்தது என் மகள். சரியான கடிதம். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்ல இடமில்லை. என் மனைவி அதைப் படித்துவிட்டு, “டப்பாவைத் தூக்கிப் போடட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். போடச் சொன்னேன். இப்போது மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போகும்போது வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்தும் சத்தம் நன்றாகக் கேட்கும்.

ஊரில் இப்போது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுக்கிறார். நான் மேசையில் வைத்துவிட்டு வருகிறேன். நீதிமன்றத்து எலெக்ட்ரீஷியன் எழுந்து இடம் கொடுக்கிறார். ‘கம்பி வளைஞ்சாலும் மச்சானுக்காக வளைஞ்சுதுய்யா’ என்கிறார்கள். பதினேழு பேரைக் காப்பாற்ற நான் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் டாங்கியில் சர்க்கரை கொட்டினேன் என்றும், பட்டாளத்துக்காரர்கள் முன்னால் மெஷின் மூன்றாவது மணி நேரத்தில் பொத்தென்று நின்றது என்றும், அதிகாரி வாயடைத்துப் போனார் என்றும் கதை ஓடுகிறது. என் பேரனின் பள்ளிக்கூடம்வரை போயிருக்கிறது.

டாங்கியில் சர்க்கரை போடப்படவில்லை. மெஷின் எட்டு மணி நேரமும் ஓடியது. நான் போனது பகல் பதினொன்றரை மணிக்கு, அதை நிற்க வைக்க அல்ல.